இதயம் தனக்கென ஏற்கும் குருதி

உடம்பின் உறுப்புக்களுள் ஓய்வின்றி உழைப்பது யாதென வினவின், கீழ்வகுப்பு மாணவனும் இதயமென விடை பகர்வான். நிமிடத்திற்கு 70 முறைக்கு மேற் சுருங்கி விரிந்து, ஏறத்தாழ 5 லீற்றர் குருதியை உடலெங்கும் அனுப்பும் அவ்வுறுப்பு, நாளொன்றுக்கு ஓரிலட்சம் முறை துடிக்கின்றது. ஒரு நாளில் அது தள்ளும் குருதியைக் கணக்கிடின் 7,000 லீற்றருக்கும் மேலாகும். இவையெல்லாம் பாடநூல்களிற் காணப்படுவனவே. ஆயின், உடலுக்கெல்லாம் ஊட்டும் அவ்விதயம் தனக்கு வேண்டிய ஊட்டத்தை எங்ஙனம் பெறுகின்றது, பெற்றதைத் தன் தசையினுள்ளே எவ்வாறு பங்கிட்டுக் கொள்கின்றது என்னும் வினாக்களை நம்மிற் பலர் எழுப்புவதில்லை. யானும் நெடுங்காலம் எழுப்பினேனல்லேன்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவன் இதயத்தின் குருதியோட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எம்மோடு பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் சைக்கிளிற் பள்ளிக்கு வருவார். எதிர்காற்று வீசும் நாள்களில் வழியிலுள்ள மதகடியில் இறங்கி, நெஞ்சைத் தடவியவண்ணம் சிறிது நேரம் நிற்பார். உடன் வரும் யான் யாதென வினவினால், "வாய்வுதான் தம்பி, நின்றாற் போய்விடும்" என்பார். நின்றதும் அது போய்விட்டமை உண்மையே. யானும் வாய்வென்றே நம்பி ஒருநாள் அவருக்கு ஓமத்திரவம் வாங்கிக் கொடுத்தேன். மூன்று திங்கள் கழித்து ஓரிரவு அந்நோவு அவருக்கு மீண்டும் வந்தது. அம்முறை நின்றும் போகவில்லை, கிடந்தும் போகவில்லை. விடியட்டுமென வீட்டார் காத்திருந்தனர். விடிந்தபின் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். அன்று மாலையே அவர் காலமானார்.

அவர் மதகடியில் நின்றபோது அவர் நெஞ்சினுள் நிகழ்ந்ததென்ன? நின்றவுடன் அது நீங்கியதேன்? இரவெல்லாம் காத்திருந்தமையால் இழந்ததென்ன? இவ்வினாக்களை, என்னிடம் முன்பு தமிழ் கற்று இப்பொழுது வைத்தியராய் விளங்கும் பழைய மாணவரொருவரிடம் கேட்டேன். அவர் ஆசிரியராகவும் யான் மாணாக்கனாகவும் அமர்ந்த மாலைப்பொழுதுகளில் அறிந்தவற்றையும், பின்னர் நூல்களிற் படித்துத் தெளிந்தவற்றையும் இங்கே தொகுத்துக் கூறுகின்றேன்.

குருதி நிறைந்தும் உண்ணவியலாமை

இதயத்தின் அறைகளிற் குருதி எப்பொழுதும் நிறைந்து கிடத்தலின், இதயத்தசை அக்குருதியினின்றே தனக்கு வேண்டியதை உறிஞ்சிக் கொள்ளும் எனச் சிலர் எண்ணுவர். தவளையின் இதயவறையிற் பெரும்பாலும் நிகழ்வது அதுவே. அதன் சுவர் கடற்பஞ்சு போன்று இடையிடையே வெளியுடையது; அறையிலுள்ள குருதி அவ்விடைவெளிகளிற் புகுந்து தசைக்கு ஊட்டமளிக்கும். மனிதனின் இடது இதயவறைச் சுவரோ ஏறத்தாழ 1 சதமமீற்றர் தடிப்பான, நெருங்கிய தசை. அறையிலுள்ள குருதியிலிருந்து நேரே பயன்பெறுவது அச்சுவரின் உட்புறத்தே மிக மெல்லியதொரு படலம் மட்டுமே. எஞ்சிய தசை முழுவதும், வெளியே சென்ற குருதியில் ஒரு பங்கு தனிக்குழாய் வழியாகத் திரும்பி வருதலை எதிர்நோக்கியிருக்கின்றது.

அத்தனிக்குழாய்கள் இரண்டு. பெருநாடி இதயத்தை விட்டுப் புறப்படும் இடத்தில், அதன் வாயிலுக்குச் சற்று மேலே, வலமும் இடமுமாக அவை கிளைக்கின்றன. இதயத்தின் மேற்பாகத்தை முடிபோலச் சூழ்ந்து கிடத்தலின் அவற்றை முடியுருநாடிகள் என வழங்குவர். இடது முடியுருநாடி விரைவிலேயே இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை முன்புறமாக இறங்கியும் மற்றொன்று இடப்புறமாக வளைந்தும் செல்லும். வலது முடியுருநாடி வலப்புறத்தைச் சுற்றிச் சென்று, பெரும்பான்மையோரிடத்து இதயத்தின் பின்புறத்துக்கும் குருதி வழங்கும். தசைக்கு ஊட்டியபின் குருதியிற் பெரும்பகுதி இதயத்தின் பின்னேயுள்ள நாளமொன்றிற் சேர்ந்து வலது சோணையறையை அடையும். சிறு பகுதி நுண்ணிய நாளங்கள் வழியாக நேரே இதயவறைகளுட் கசிந்து சேரும். இந்நுண்ணிய நாளங்களை 1708ஆம் ஆண்டில் விளக்கிய தெபேசியசு என்பாரின் பெயரால் அவை இன்றும் வழங்குகின்றன.

இவ்விரு நாடிகளின் வழியாக இதயம் தனக்கென எடுப்பது எவ்வளவு? ஓய்வாயிருக்கும்போது நிமிடத்திற்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர். அஃதாவது தான் அனுப்பும் குருதியில் இருபதில் ஒரு பங்கு. இதயத்தின் நிறையோ உடல் நிறையில் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்கேயாகும். ஆகவே நிறைக்கேற்ற பங்கினும் பத்து மடங்கு பெறுகின்றதென்க. இவ்வளவு பெற்றும் அதற்கு மிகுதியில்லை. உடலின் ஏனைய பாகங்கள், ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்குமிடத்து, தம்மிடம் வரும் ஒட்சிசனிற் காற்பங்கையே எடுத்து எஞ்சியதைத் திருப்பி விடுகின்றன. இதயத்தசையோ ஓய்வு நிலையிலேயே முக்காற்பங்கை எடுத்து விடுகின்றது. எனவே ஓடுங்காலும் மாடிப்படி ஏறுங்காலும் மேலும் ஒட்சிசன் வேண்டின், வந்த குருதியினின்று கூடுதலாக எடுத்தல் பெரிதும் இயலாது; கூடுதலான குருதியே வருதல் வேண்டும். நல்ல இதயத்தில் அவ்வோட்டம் நான்கு ஐந்து மடங்கு வரை பெருகும். இதயத்தின் நலமெல்லாம் இப்பெருக்கத்தைப் பொறுத்ததே.

சுருங்கும் வேளையும் விரியும் வேளையும்

கைகால்களின் தசைக்குக் குருதி பெரிதும் பாய்வது இதயம் சுருங்கி உந்தும் வேளையிலாகும். இடது இதயவறையின் தசைக்கோ இது மாறி நிகழ்கின்றது. தசை சுருங்கும்போது தன்னுள்ளே கிடக்கும் குழாய்களைத் தானே நெரித்து விடுகின்றது. ஈரத்துணியை முறுக்குங்கால் அதனுள் நீர் புகாதவாறு போல, சுருங்கும் தசையினுட் குருதி புகமாட்டாது. தசை தளர்ந்து இதயம் விரியும் வேளையிலேயே, பெருநாடியில் எஞ்சி நிற்கும் அமுக்கத்தால் உந்தப்பட்டு, குருதி அதனுட் பாய்கின்றது. இடது முடியுருநாடியின் ஓட்டத்திற் பெரும்பங்கு விரியும் வேளைக்கே உரியது. இக்கருத்தை 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலிய வைத்தியர் இசுக்கரமூச்சி ஊகித்துக் கூறினார். வலது இதயவறையின் நிலை வேறு. அது நுரையீரலுக்கு மட்டும் அனுப்புதலின் அதன் அமுக்கம் 25 மில்லிமீற்றர் இரச அளவிலேயே நிற்கும். இடது அறையின் அமுக்கமோ 120. ஆதலின் வலது அறையின் மெல்லிய சுவரினுள் இருவேளையும் குருதி ஓடும்.

இதிலிருந்து ஒரு முடிபு பெறப்படும். இடது இதயவறை உண்ணும் நேரம் விரியும் நேரமேயாயின், துடிப்பு விரையுந்தோறும் அந்நேரம் குறுகும். நிமிடத்திற்கு 75 முறை துடிக்கும்போது ஒரு துடிப்பிற் சுருக்கம் ஏறத்தாழ 0.27 செக்கனும் விரிவு 0.53 செக்கனும் ஆகும். 200 முறை துடிப்பின் சுருக்கம் 0.16 செக்கனாகவும் விரிவு 0.14 செக்கனாகவும் குறையும். கூட்டிப் பார்த்தால், முன்னையதில் நிமிடத்திற்கு 40 செக்கன் விரிவுக்குக் கிடைக்க, பின்னையதில் 28 செக்கனே கிடைக்கின்றது. வேலை மிகுந்த வேளையில் உண்ணும் நேரம் குறைகின்றதென்பது காண்க. குழாய்கள் அகன்று கொடுக்கும் வரை இக்குறை தோன்றாது. அகலுதற்கு இடமில்லாவிடத்தே அது தோன்றும்.

அகப்படையும் புறப்படையும்

இடது இதயவறையின் சுவரை, விளக்கத்தின் பொருட்டு, அகப்படை, நடுப்படை, புறப்படை என மூன்றாகக் கொள்ளலாம். முடியுருநாடிகளும் அவற்றின் பெருங்கிளைகளும் புறத்தே, இதயத்தின் மேற்பரப்பிற் கிடப்பன. அவற்றினின்று சிறுகிளைகள் செங்குத்தாகத் திரும்பித் தசையினுட் புகுகின்றன. அவற்றுட் சில புறப்படையிலேயே கிளைத்து முடியும். சில சுவரை ஊடுருவி அகப்படை வரை சென்று அங்கே வலைபோற் பரவும்.

தோட்டஞ் செய்வார்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். கிணற்றினின்று இறைத்த நீர் தலைவாய்க்கால் வழியோடி முதற் பாத்திகளை நனைத்த பின்னரே கடைசிப் பாத்தியை அடையும். நீர் நிறைய உள்ளபோது இவ்வேறுபாடு தெரியாது. கிணறு வற்றுங்கால் முதலில் வாடுவது கடைசிப் பாத்தியே. இதயச்சுவரில் அகப்படை அக்கடைசிப் பாத்தி. அன்றியும் அதற்கு மேலும் இரண்டு இடர்கள் உள. முதலாவது, சுருங்கும் வேளையில் நெரிக்கும் அமுக்கம் எல்லாப் படையிலும் ஒத்ததன்று. அறையை அடுத்த அகப்படையில் அஃது அறையினுள் எழும் அமுக்கத்துக்கு ஒப்பாகவோ மேலாகவோ இருக்கும். புறப்பரப்பை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்து போகும். ஆதலின் சுருங்கும் வேளையில் அகப்படைக்கு ஓட்டம் அற்றுப் போவதுமுண்டு. உட்சென்ற குருதி புறத்தே பிதுக்கப்படுவதுமுண்டு. இரண்டாவது, அகப்படைத் தசை தாங்கும் இழுவிசை மிகுதி. ஆதலின் அதற்கு வேண்டிய ஒட்சிசனும் மிகுதி.

இத்துணை இடரிருந்தும், நலமுள்ள இதயத்தில் ஓய்வுநிலையில் அகப்படை பெறும் குருதி புறப்படை பெறுவதனினும் குறைவதில்லை. சற்று மிகுந்தும் காணப்படுகின்றது. இஃதெங்ஙனம் கூடும்? அகப்படையின் சிறுநாடிகள் ஓய்வு வேளையிலேயே பெரிதும் அகன்று நிற்கின்றன. ஒரு பகுதி தசைக்கு ஒட்சிசன் குறைந்தால், அத்தசையினின்று வெளிப்படும் அடினோசின் முதலிய பொருள்கள் அவ்விடத்துச் சிறுநாடிகளை விரியச் செய்கின்றன. குழாய்களின் உட்சுவரினின்று சுரக்கும் நைத்திரிக்கு ஒட்சைட்டும் அவ்வாறே செய்கின்றது. இங்ஙனம் ஒவ்வொரு பகுதியும் தன் தேவைக்கேற்பத் தன் வாய்க்காலைத் திறந்து கொள்கின்றது. ஆயின், ஓய்விலேயே பெரிதும் திறந்து விட்ட மடையை அவசர வேளையில் மேலும் எவ்வளவு திறக்கலாம்? புறப்படை தன் கையிருப்பைச் சேமித்து வைத்துள்ளது; அகப்படை அதிற் பெரும்பங்கை அன்றாடச் செலவுக்கே எடுத்து விட்டது. சமமாகப் பகிர்ந்ததாகத் தோன்றும் பங்கீட்டின் உள்ளே இவ்வேற்றுமை மறைந்து கிடக்கின்றது.

அளந்தறிந்த முறை

துடிக்கும் இதயத்தின் உள்ளே எப்படைக்கு எவ்வளவு குருதி செல்கின்றதென்று எவ்வாறு அளந்தனர் என வியப்புத் தோன்றலாம். மயிர்த்துளைக் குழாயினும் சற்றுப் பருத்த, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் 15 பங்கு விட்டமுள்ள நுண்கோளங்களைக் கதிர்த்தொழிற்பாடுடையனவாகச் செய்து, விலங்கின் இடது சோணையறையிற் செலுத்துவர். அவை குருதியோடு கலந்து சென்று, எப்பகுதிக்குக் குருதி மிகுதியோ அப்பகுதியில் மிகுதியாகச் சென்று, குழாயின் கடைசியிற் சிக்கி நிற்கும். பின்னர் இதயத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் உள்ள கதிர்வீச்சை அளந்தால் அத்துண்டு பெற்ற பங்கு தெரியும். இம்முறையை 1967இல் உரூடோல்பு, ஐமன் என்னும் இருவர் செம்மறியின் கருக்குட்டிகளிற் கையாண்டனர். சில ஆண்டுகளுள் இதயத்தசையின் படைகளை ஆராய்தற்கும் அது பயன்பட்டது. ஒரே படையினுள்ளும் அடுத்தடுத்த துண்டுகள் ஒத்த பங்கு பெறுவதில்லை, சராசரியிற் பாதி பெறுவனவும் இருமடங்குக்கு அண்மையிற் பெறுவனவும் அருகருகே உள என்பதும் இவ்வழியே அறியப்பட்டது. இக்காலத்தில் மனிதரிடத்து இதயத்தை வெட்டாமலே காந்தப் பரிவுப் படங்களாலும் பொசித்திரன் படங்களாலும் இப்பங்கீட்டைக் கண்டறிகின்றனர்.

நாடி குறுகும்போது

இனி, முடியுருநாடியொன்று உட்புறத்தே கொழுப்புப் படிந்து சிறிது சிறிதாகக் குறுகுகின்றதெனக் கொள்வோம். குறுகிய இடத்துக்கு அப்பால் அமுக்கம் குறைகின்றது. அதனை ஈடுசெய்யச் சிறுநாடிகள் அகல்கின்றன. ஆதலின் ஓய்வு வேளையில் ஓட்டம் குறைவதில்லை. நோயாளி யாதொன்றும் உணர்வதில்லை. 1974இல் கூல்ட் என்னும் வைத்தியர் நாய்களிற் செய்த ஆய்வில், விட்டத்தில் நூற்றுக்கு 85 பங்களவு குறுகும் வரை ஓய்வுநிலை ஓட்டம் குறையவில்லை எனக் கண்டார். ஆனால் உச்சநிலை ஓட்டமோ, பாதியளவு குறுகுவதற்கு முன்னரே குறையத் தொடங்கியது. அஃதாவது, முதலில் அழிவது அன்றாடச் செலவன்று, கையிருப்பே.

இப்பொழுது அந்நோயாளி எதிர்காற்றிற் சைக்கிள் மிதிக்கின்றார். துடிப்பு விரைகின்றது, விரியும் நேரம் குறுகுகின்றது, தசையின் தேவை மிகுகின்றது. புறப்படையின் சிறுநாடிகள் தம் கையிருப்பைக் கொண்டு மேலும் அகல்கின்றன. அங்ஙனம் அவை அகலுந்தோறும் குறுகிய இடத்துக்கு அப்பாலுள்ள அமுக்கம் இன்னும் வீழ்கின்றது. கையிருப்பற்ற அகப்படைக்கு வரவேண்டிய குருதி கூடாதொழிவதன்றிக் குறைவதுமுண்டு. முதற் பாத்தியின் மடையை அகலத் திறக்கக் கடைசிப் பாத்திக்கு நீர் ஏறாமைபோன்றது இது. அகப்படையின் அப்பட்டினியே நெஞ்சிறுக்கமாக வெளிப்படுகின்றது. இறங்கி நின்றதும் துடிப்பு அடங்கி, விரியும் நேரம் நீண்டு, அகப்படை மீண்டும் பங்கு பெறுகின்றது, இறுக்கம் நீங்குகின்றது. நடக்குங்கால், சிறப்பாக மேட்டில் ஏறுங்காலும் உண்ட பின்னும், தோன்றி நின்றதும் நீங்கும் இந்நோவை ஆங்கில வைத்தியர் எபடென் 1768இலேயே விரித்துரைத்தார். என் நண்பர் மதகடியிற் கண்டதும் அதுவே. நின்றாற் போய்விடுதலை அவரும் யானும் ஆறுதலாகக் கொண்டோம். உண்மையில் நின்றாற் போய்விடுதலே அந்நோயின் அடையாளம்.

நாடி குறுகாவிடினும் அகப்படை வாடும் வேறு சில நிலைகளும் உள. பெருநாடியின் வாயில் ஒடுங்கினால், இடது அறை பெருவிசையோடு சுருங்கவேண்டி, அகப்படையை மிகவும் நெரிக்கும். கடுமையான குருதிச்சோகையிற் குருதி வந்தும் அதிலுள்ள ஒட்சிசன் போதாது. பெருங்குருதிப்போக்கிற் பெருநாடியின் அமுக்கம் வீழ்ந்து, உந்துவதற்கு விசையில்லாது போகும். காரணம் எதுவாயினும் முதலில் வாடுவது அகப்படையே.

வைத்தியர் வழங்கும் மருந்துகள் சிலவற்றின் உட்பொருளும் இதனால் விளங்கும். துடிப்பைத் தணிக்கும் பீற்றாத் தடுப்பு மருந்து தசையின் தேவையைக் குறைப்பதோடு விரியும் நேரத்தையும் நீட்டுகின்றது. அவ்வகை மருந்தை 1960களில் ஆக்கிய சேர் யேம்சு பிளாக்கு 1988இல் நோபெல் பரிசு பெற்றார். நாவின் கீழ் வைக்கும் நைத்திரேற்று மருந்து நாளங்களை விரித்து, இதயத்துக்குத் திரும்பும் குருதியைக் குறைக்கின்றது. அதனால் விரியும் வேளையில் அறையினுள் அமுக்கம் தணிந்து, அகப்படையின் மேலுள்ள பாரம் நீங்குகின்றது. கடைசிப் பாத்திக்கு வழிவிடும் மருந்துகள் இவையென்னலாம்.

இரவெல்லாம் காத்திருந்ததன் விலை

குறுகிய இடத்தில் ஒருநாள் குருதி கட்டிபட்டு நாடி முற்றாக அடைபடுமாயின் அதுவே மாரடைப்பு. அப்பொழுது அந்நாடிக்குரிய தசை முழுவதும் ஒரே கணத்தில் இறந்துபடும் எனப் பலர் எண்ணுவர். அஃதன்று. இரைமர், செனிங்சு முதலியோர் 1977இல் நாய்களின் இதயத்தில் ஆராய்ந்து வெளியிட்ட உண்மை இது: அடைபட்டு முதல் மணித்தியாலத்துக்குள் அகப்படை இறக்கத் தொடங்குகின்றது, பின்னர் அவ்விறப்பு அலைபோல நடுப்படைக்கும், மேலும் சில மணித்தியாலங்களிற் புறப்படைக்கும் பரவுகின்றது. மனிதரிடத்து அயல் நாடிகளினின்று வரும் இணைகுழாய்களின் அளவுக்கேற்ப இவ்வேகம் வேறுபடும், போக்கு ஒன்றே. இடையில் அடைப்பை நீக்கினால், அலை எவ்விடத்தை எட்டியதோ அவ்விடத்துக்கு அப்பாலுள்ள தசை பிழைக்கும். கட்டியைக் கரைக்கும் மருந்தாலோ, 1977இல் சூரிச்சு நகரில் கிறுன்சிக்கு என்பார் முதன்முதல் முடியுருநாடியிற் செய்து காட்டிய பலூன் முறையின் வழியாலோ இன்று அடைப்பை நீக்க இயலும். ஆயின் எம்மருந்தும் எம்முறையும் இறந்த தசையை எழுப்பமாட்டா.

என் பழைய மாணவர் இதனைக் கூறியபோது யான் மனத்துள்ளே மணிகளை எண்ணிப் பார்த்தேன். நண்பருக்கு நோவெடுத்தது இரவு பத்து மணியளவில். வைத்தியசாலையை அடைந்தது காலை ஏழு மணிக்குப் பின். பத்து மணிக்கு அகப்படை. நள்ளிரவு கடக்க நடுப்படை. கோழி கூவும் வேளையிற் புறப்படை. அன்பு மிகுந்த வீட்டார்தாம் அவரைச் சூழ்ந்திருந்தனர். இரவில் அயலாரை எழுப்பித் தொல்லை கொடுக்கலாகாதென்றே அவரும் வேண்டாமென்றார். அவர் நெஞ்சினுள் நிகழ்ந்து கொண்டிருந்ததை அங்கிருந்தோர் எவரும் அறியார். அறியாமையைக் குற்றமென்று சொல்ல யான் துணியேன். ஆயின் ஆசிரியனாகிய யான் அறிந்திருந்தால் ஓமத்திரவம் வாங்கிக் கொடுத்திரேன். அன்றே அவரைக் கையைப் பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் சென்றிருப்பேன்.

இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் ஐம்பதையும் அறுபதையும் கடந்தவர்கள். அவர்கட்கு ஒரு சொல். உழைக்குங்கால் தோன்றி, ஓய்ந்தால் நீங்கும் நெஞ்சிறுக்கத்தை வாய்வென்று தள்ளிவிடாதீர்கள். சிலர்க்கு, சிறப்பாக நீரிழிவுடையோர்க்கு, அது நோவாகத் தோன்றாது மூச்சுத்திணறலாகவோ வியர்வையாகவோ சோர்வாகவோ தோன்றுதலுமுண்டு. ஓய்ந்தும் நீங்காத நோவாயின் விடியலை நோக்கியிருத்தல் தகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் காவுவண்டி கட்டணமின்றி வீட்டு வாயிலுக்கு வரும். மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோர் நின்று நெஞ்சைத் தடவுதலைக் கண்டால் இதனை அவர்கட்கு எடுத்துக் கூறுங்கள். முதியோர் சொல்லை இளையோர் கேட்டல் மரபு. இவ்வொன்றில் இளையோர் சொல்லை முதியோர் கேட்பாராக.

அந்த மதகடி இன்றும் அவ்வாறே உள்ளது. எதிர்காற்று வீசும் நாள்களில் யான் அதனைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளின் வேகத்தைச் சிறிது தணிப்பது வழக்கம்.